கல்லூரிக் காதலில் எச்சரிக்கை அறிகுறிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் பாடம் எடுக்கும் எங்களிடம் மாணவர்கள் இந்தக் கேள்விகளை நேரடியாகக் கேட்பது அபூர்வம். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க வரும்போது, எல்லாரும் போனபிறகு, "மேம், என் ஃப்ரெண்டுக்கு ஒரு பிரச்சனை" என்று ஆரம்பிப்பார்கள். அந்த ஃப்ரெண்டு யாராக இருந்தாலும் சரி, பதில் ஒன்றுதான். கீழே பல இடங்களில் "அவன்" என்று எழுதியிருக்கிறேன். என்னிடம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அப்படி இருந்ததுதான் காரணம். "அவள்" என்று மாற்றிப் படித்தாலும் அறிகுறிகள் மாறாது.

சண்டை வராத காதல் உண்டா? எது சாதாரணச் சண்டை, எது ஆபத்து?

குரல் எவ்வளவு உயர்ந்தது என்பதை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. நீங்கள் "முடியாது" என்று சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

"நாளைக்கு இன்டர்னல், இன்னைக்கு வெளியே வர முடியாது" என்று சொல்கிறீர்கள். சாதாரணமாக என்ன ஆகும்? முகம் வாடும். "எப்பவும் இதே சாக்கு" என்று ஒரு மெசேஜ் வரும். அன்று ராத்திரி பேச்சு கொஞ்சம் கசப்பாக இருக்கும். மறுநாள் சரியாகிவிடும். இன்னொரு வகையில், அந்த "முடியாது"க்கு ஒரு விலை வைக்கப்படும். வரிசையாக மிஸ்டு கால். எடுக்கவில்லை என்றால் உங்கள் ரூம்மேட்டுக்கு கால். அதுவும் இல்லையென்றால் ஹாஸ்டல் கேட்டுக்கு வெளியே பைக்கில் வந்து நிற்பது. "யார் கூட இருக்கே, வீடியோ கால் போடு" என்ற கட்டளை. இப்படி நாலைந்து முறை ஆனபிறகு நீங்கள் "முடியாது" என்று சொல்வதையே நிறுத்திவிடுவீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் சண்டையே இல்லாத ஜோடி மாதிரி இருக்கும். உள்ளே ஒருவர் இன்னொருவருக்குப் பயந்துகொண்டிருப்பார். பயம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

அவன் கை நீட்டியதே இல்லை. பிறகு எப்படி இதை வன்முறை என்று சொல்வது?

1980-களில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து டுலூத் நகரில், பாதிக்கப்பட்ட பெண்களிடம் பேசி ஒரு சக்கரப் படம் வரைந்தார்கள். குடும்ப வன்முறை பற்றிப் பயிற்சி கொடுக்கும் பல இடங்களில் இன்றும் அதைக் காட்டுகிறார்கள். அடி, பாலியல் வன்முறை இரண்டும் அதில் வெளி விளிம்பு மட்டுமே. உள்ளே ஆரங்களாக இருப்பவை வேறு: மிரட்டுவது, மட்டம் தட்டுவது, தனிமைப்படுத்துவது, பணத்தைக் கட்டுப்படுத்துவது, "நான் ஒன்றுமே செய்யவில்லை, நீதான் அப்படிச் செய்யவைத்தாய்" என்று பழியைத் திருப்புவது. அடி எப்போதோ ஒருமுறைதான் விழும், அல்லது விழாமலேயே போகும். மற்றவை தினமும் நடக்கும். இங்கிலாந்தில் 2015-ல் இப்படிப்பட்ட தொடர் கட்டுப்பாட்டையே தனிக் குற்றமாக்கிச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

கல்லூரியில் இது எப்படி வரும்? கல்ச்சுரல்ஸில் ஆடக்கூடாது. லேபில் ஆண்கள் இருக்கும் பேட்ச்சில் சேரக்கூடாது. மாற்றச் சொல்லி சாரிடம் கேள். துப்பட்டா போடாமல் எடுத்த படத்தை ஸ்டேட்டஸிலிருந்து எடு. அந்த ஃப்ரெண்டு சரியில்லை, அவளோடு பேசாதே. கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போகாதே, கல்யாணத்துக்குப் பிறகு எதற்கு வேலை? தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சின்ன விஷயம். மூன்றாவது செமஸ்டர் முடியும்போது அந்தப் பெண்ணுக்கு ஒரு தோழிகூட மிச்சமில்லை, இரண்டு அரியர் இருக்கிறது, எல்லா முடிவையும் ஒரே ஆள் எடுக்கிறான்.

பொசசிவ்வாக இருப்பது அன்புதானே?

நமக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பின்னாலேயே சுற்றினால் ஒருநாள் ஒத்துக்கொள்வாள், சந்தேகப்பட்டால் அவ்வளவு பாசம் என்று திரையில் பார்த்தே பல தலைமுறை வளர்ந்திருக்கிறது. பொறாமை எல்லாருக்கும் வரும். அந்தப் பொறாமையை யார் சுமக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். "நீ அவனோடு பேசும்போது எனக்குக் கஷ்டமாக இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தன் கஷ்டத்தைத் தானே சமாளிப்பவன் ஒரு ரகம். "எனக்குக் கஷ்டமாக இருக்கு, அதனால் நீ இனிமேல் யாரோடும் பேசாதே" என்பவன் வேறு ரகம்.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவி ராத்திரி முழுவதும் வீடியோ காலைத் துண்டிக்காமல் தூங்க வேண்டும். போனைத் தலையணைக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து, தன் முகம் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் படுப்பாள். சார்ஜர் வயர் எட்டாது என்பதால் கட்டிலில் தலைமாட்டை மாற்றிப் போட்டிருந்தாள். நடுவில் நெட் கட்டானால் விடிகாலையில் விசாரணை நடக்கும். ரூம்மேட்கள் உடை மாற்ற பாத்ரூமுக்குப் போவார்கள். "அவனுக்கு நான் இல்லாமல் தூக்கம் வராது மேம்" என்று அவள் பெருமையாகத்தான் சொன்னாள். வகுப்பில் தூங்கி விழுவது ஏன் என்று நான் கேட்டதற்கு வந்த பதில் அது.

ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

ஓரளவுக்கு. வேகத்தைக் கவனியுங்கள். பழகி இரண்டு வாரத்தில் கல்யாணப் பேச்சு, குழந்தைக்குப் பெயர், கையில் பச்சை, தினமும் பரிசு என்று போனால் கொஞ்சம் நிதானிக்கலாம். அன்பு வேகமாக வருவது தப்பில்லை. "எனக்குக் கொஞ்சம் டைம் வேணும்" என்று நீங்கள் சொல்லும்போது வேகம் குறைகிறதா, கோபம் வருகிறதா என்று பாருங்கள்.

முன்னாள் காதலியைப் பற்றி எப்படிப் பேசுகிறான் என்பதும் முக்கியம். இதுவரை பழகிய எல்லாப் பெண்களும் "சரியில்லாதவள்" என்றால், அடுத்த கதையில் அந்தப் பெயர் உங்களுக்கு வரும். ஓட்டலில் சர்வரிடமும், வீட்டில் அம்மாவிடமும் எப்படிப் பேசுகிறான் என்று பாருங்கள். எல்லார் முன்னாலும் உங்களைக் கிண்டல் செய்துவிட்டு, நீங்கள் முகம் சுளித்தால் "ஜோக் கூடப் புரியாதா?" என்கிறானா? இதில் ஏதோ ஒன்று இருந்ததும் ஆளை முத்திரை குத்திவிட வேண்டாம். பல சேர்ந்து, மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போனால் அப்போது யோசியுங்கள்.

பாஸ்வேர்டு, லைவ் லொகேஷன் கேட்டால் கொடுக்கலாமா?

வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் மாற்றிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பகுதியைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத கணினியோ போனோ இருந்தால் நீக்குங்கள். கூகுள் கணக்கில் எந்தெந்தச் சாதனம் உள்ளே இருக்கிறது என்று பாருங்கள். கூகுள் மேப்ஸில் இருப்பிடப் பகிர்வு ஓடிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பலருக்கு அது ஓடுவதே தெரியாது. ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டையும் மின்னஞ்சலையும் ஓர் ஆண் கண்காணிப்பது, நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ம் பிரிவின்படி, பின்தொடர்தல் என்ற குற்றத்துக்குள்ளேயே வருகிறது.

ஒரு எச்சரிக்கை: அவன் ஏற்கெனவே மிரட்டுகிறவன் என்றால் எல்லாவற்றையும் ஒரே நாளில் துண்டிக்காதீர்கள். கீழே பிரேக்அப் பற்றி எழுதியிருப்பதை முதலில் படியுங்கள்.

"உங்க வீட்டில் சொல்லிடுவேன்" என்று மிரட்டினால்?

நம் ஊர்க் கல்லூரிகளில் நான் பார்த்தவரை, மற்ற எல்லா ஆயுதங்களையும்விட அதிகம் வேலை செய்வது இந்த ஒற்றை வாக்கியம்தான்.

ஒரு பெண்ணுக்கு வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். போன் பறிபோகும். படிப்பு நிற்கும். அத்தை மகனுக்கோ தூரத்துச் சொந்தத்துக்கோ அவசர அவசரமாக நிச்சயம் நடக்கும். பையன் வேறு சாதி என்றால் விஷயம் உயிர் வரைகூடப் போகலாம்; இந்த மாநிலத்தில் அது கற்பனைப் பயமில்லை. காதல் ரகசியமாக இருக்கும்வரை அந்த ரகசியத்தை வைத்திருப்பவன் கையில் லகான் இருக்கிறது. ஹாஸ்டலில் அடி வாங்கிய பெண், அடித்தவனைவிட அப்பாவுக்குத்தான் அதிகம் பயப்படுகிறாள் என்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அந்தப் பயத்தைத் தெரிந்துகொண்டுதான் அவன் அடிக்கிறான்.

மிரட்டலின் பலம் குறைய வேண்டுமென்றால், உங்கள் பக்கத்தில் நம்பகமான பெரியவர் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அது அப்பாவாக இருக்க வேண்டியதில்லை. சித்தி, வேலைக்குப் போகும் அக்கா, பள்ளிக்கூட டீச்சர், தோழியின் அம்மா என்று யார் திட்டாமல் முழுசாகக் கேட்பார்களோ அவர். "நான் ஒருத்தனை விரும்பினேன், இப்போது அவன் மிரட்டுகிறான்" என்று ஆரம்பித்தால் போதும். அவன் வீட்டில் சொல்வதற்கு முன்னால் உங்கள் சார்பில் பேச ஓர் ஆள் தயாராக இருப்பார். சொல்வதால் உங்களுக்கு வீட்டிலேயே ஆபத்து வரும் என்று தோன்றினால், பெண்கள் உதவி எண் 181-ஐ அழைத்து அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடித்துவிட்டு அழுகிறான், காலில் விழுகிறான். திருந்துவான் என்று நம்பலாமா?

அந்த அழுகை நடிப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அழும்போது உண்மையாகவே அழுதிருக்கலாம். ஆனால் அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979-லேயே ஒரு சுழற்சியை விவரித்தார்: இறுக்கம் கூடிக்கொண்டே வரும், வெடிக்கும், பிறகு மன்னிப்பும் பாசமும் பொழியும், மறுபடி இறுக்கம் தொடங்கும். எல்லா உறவும் இந்த வரிசையில்தான் போகும் என்றில்லை. ஆனால் மன்னிப்புக் கட்டத்தில்தான் பலர் மறுபடி உள்ளே இழுக்கப்படுகிறார்கள். அந்த இரண்டு வாரம் பழைய ஆளே திரும்பி வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

மன்னிப்பை அதற்குப் பிறகு நடப்பதை வைத்து எடைபோடுங்கள். உங்கள் தோழிகளோடு மறுபடி பழக விடுகிறானா? கவுன்சிலரிடம் போகிறானா? "நீ கோபப்படுத்தியதால்தான்" என்ற வாக்கியம் நின்றுவிட்டதா? பூவும் சாக்லேட்டும் மட்டும் வந்தால் ஒன்றும் மாறவில்லை.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கழுத்தை நெரித்தால், ஒரே ஒரு முறை, சில நொடிதான் என்றாலும், அதோடு போதும். அமெரிக்கச் செவிலியரும் ஆய்வாளருமான ஜாக்குலின் கேம்பெல் 1980-களில் உருவாக்கத் தொடங்கிய அபாய மதிப்பீட்டுப் பட்டியலில், கொலை வரை போகக்கூடிய உறவைக் காட்டும் அடையாளங்களில் கழுத்தை நெரிப்பதும் ஒன்று. ஆயுதத்தைக் காட்டி மிரட்டுவதும், "கொன்றுவிடுவேன்" என்பதும், பின்தொடர்ந்து வேவு பார்ப்பதும் அதே பட்டியலில் இருக்கின்றன. கழுத்தில் தடம் தெரியாமலேயே உள்காயம் இருக்கலாம். குரல் கம்மினாலோ, விழுங்க வலித்தாலோ, கண்ணில் சிவப்புப் புள்ளி தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். என்ன நடந்தது என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

என் படங்களை வெளியிடுவேன் என்கிறான். நான்தானே அனுப்பினேன், என் மேலும் தப்பு இருக்கிறதே?

நம்பி அனுப்பியது குற்றமில்லை. வெளியிடுவதும் வெளியிடுவேன் என்று மிரட்டுவதும் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: படம் எடுக்கச் சம்மதித்த பெண், அதைப் பிறருக்குக் காட்டச் சம்மதிக்காதபோது பரப்பினால் அது குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ, 67, 67-ஏ பிரிவுகளும் சேரும். இந்த மூன்று பிரிவுகளும் ஆண், பெண் என்று பார்ப்பதில்லை.

முதலில், பணம் கொடுக்காதீர்கள், "இன்னும் ஒரே ஒரு படம்" என்று கேட்டாலும் அனுப்பாதீர்கள். கொடுத்தால் நிற்காது. இரண்டாவது, சாட்டை அழிக்காதீர்கள். அவமானத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வருபவர்கள்தான் அதிகம், சாட்சியமும் அதோடு போய்விடுகிறது. எண்ணும் தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மறைந்துபோகும் மெசேஜாக இருந்தால் இன்னொரு போனால் படம் பிடியுங்கள். தோழியின் மின்னஞ்சலுக்கு ஒரு பிரதி போகட்டும்.

பிறகு சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். பெண்களுக்கு எதிரான குற்றங்களை அங்கே பெயர் சொல்லாமலும் பதியலாம். ஸ்டாப் என்.சி.ஐ.ஐ. என்றொரு இலவச சேவை 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. உங்கள் படம் உங்கள் போனைவிட்டு வெளியே போகாது. அதிலிருந்து ஓர் எண்முத்திரையை (படத்தை அடையாளம் காட்டும் எண் தொடரை) மட்டும் எடுத்து, பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குக் கொடுப்பார்கள். அதே படம் ஏற்றப்பட்டால் அவர்களால் தடுக்க முடியும். ஏற்கெனவே வெளியாகிவிட்டிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். இப்படிப்பட்ட படங்களை நீக்க 2021-ம் ஆண்டு விதிகளே 24 மணி நேரக் கெடுதான் வைத்தன.

பொள்ளாச்சி வழக்கு எல்லாருக்கும் நினைவிருக்கும். நட்பாகப் பழகி, வீடியோ எடுத்து, அதை வைத்தே மிரட்டினார்கள். 2019-ல் ஒரு கல்லூரி மாணவி புகார் கொடுத்த பிறகுதான் மொத்தமும் வெளியே வந்தது. அவர் பெயர் வெளியானது பெரிய அநியாயம். அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அரசுக்கு உத்தரவிட்டது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது. ஆறு வருடம் ஆனது. அந்தப் பெண்கள் கடைசிவரை நின்றார்கள்.

"நீ போனால் செத்துடுவேன்" என்று கையை அறுத்துக்கொள்கிறான். நான் என்ன செய்ய?

அதை உண்மையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் தனியாகச் சுமக்காதீர்கள். உடனே அவன் வீட்டாருக்கோ ரூம்மேட்டுக்கோ தெரிவியுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 112. மனநல உதவிக்கு 24 மணி நேரமும் இயங்கும் டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசுவார்கள். அந்த எண்ணை அவனுக்கும் அனுப்புங்கள். அதற்கு மேல், ஒருவரின் உயிரைக் காப்பதற்காக அவரைக் காதலித்தே ஆக வேண்டும் என்ற கடமை உங்களுக்கு இல்லை. 19 வயதுப் பெண்ணால் இன்னொருவருக்கு மருத்துவராக இருக்க முடியாது.

என் ஸ்காலர்ஷிப் பணத்தை வாங்கிக்கொள்கிறான். திருப்பிக் கேட்டால் சண்டை.

இதுவும் அறிகுறிதான். ஏ.டி.எம். கார்டும் யூபிஐ பின்னும் உங்களிடம் மட்டும் இருக்க வேண்டும். பின்னை இன்றைக்கே மாற்றுங்கள். பரீட்சைக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் போயிருந்தால், அபராதத்தோடு கட்டும் கடைசித் தேதி வரை ஒளித்து வைக்காமல் துறைத் தலைவரிடம் சொல்லுங்கள்.

நான் ஆண். என் காதலி அடிக்கிறாள், மிரட்டுகிறாள். சொன்னால் சிரிப்பார்கள்.

சிரிப்பார்கள் என்ற பயத்திலேயே பல பையன்கள் வாயைத் திறப்பதில்லை. அடி வாங்கினால் வலிக்கத்தான் செய்யும். 77, 78-ம் பிரிவுகள் பாதிக்கப்பட்டவர் பெண் என்று வைத்தே எழுதப்பட்டவை. ஆனால் காயப்படுத்துவதற்கு 115, மிரட்டிப் பணம் பறிப்பதற்கு 308, குற்ற மிரட்டலுக்கு 351 என்ற பிரிவுகள் எல்லாருக்கும் பொது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ம் ஆண்டு விதிமுறைகள், ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலின மாணவர்களும் பாதிக்கப்படலாம் என்பதைச் சொல்லியே எழுதப்பட்டிருக்கின்றன. ஒரே பாலினத்தவரைக் காதலிப்பவர்களுக்கு "உன்னைப் பற்றி எல்லாருக்கும் சொல்லிவிடுவேன்" என்ற மிரட்டல் கூடுதலாக வரும். அதுவும் மேலே சொன்ன "வீட்டில் சொல்லிடுவேன்" ரகம்தான்.

பிரிய முடிவு செய்துவிட்டேன். எப்படிச் சொல்வது?

இந்த இடத்தில் மிகவும் கவனம் வேண்டும். கட்டுப்படுத்தும் உறவில் அதிக ஆபத்தான நேரம், விட்டுப் போகும் நேரம்தான். 2022 அக்டோபரில் சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில், பேச மறுத்த கல்லூரி மாணவியை ஓர் இளைஞன் ஓடும் ரயில் முன் தள்ளிக் கொன்றான். பட்டப்பகல், நடைமேடையில் ஆட்கள் இருந்தார்கள்.

"கடைசியாக ஒரே ஒரு தடவை நேரில் பேசணும்" என்ற அழைப்புக்குத் தனியாகப் போகாதீர்கள். அவன் வண்டியில் ஏறாதீர்கள். அவன் அறை, மொட்டை மாடி, பீச், காலி வகுப்பறை எதுவும் வேண்டாம். போனிலோ மெசேஜிலோ சொல்லிப் பிரிவது மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: உங்களை மிரட்டியவனுக்கு நேரில் விளக்கம் சொல்லும் கடன் உங்களுக்கு இல்லை. சுருக்கமாக, ஒரே முறை, தெளிவாக எழுதுங்கள்: "இந்த உறவு எனக்கு வேண்டாம். இனிமேல் என்னைத் தொடர்புகொள்ளாதே." இந்த மெசேஜ் பின்னால் சட்டத்துக்கும் உதவும்; விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்வதைத்தான் 78-ம் பிரிவு குற்றம் என்கிறது.

அதை அனுப்புவதற்கு முன்னால் வேலைகள் இருக்கின்றன. சான்றிதழ், லேப்டாப், துணி எதுவும் அவனிடம் இருந்தால் முதலில் வாங்கிவிடுங்கள். ரூம்மேட்டுக்கும் வார்டனுக்கும் தெரியட்டும். கொஞ்ச நாளைக்குக் காலேஜ் பஸ்ஸை மாற்றுங்கள், ஸ்டாப்பிலிருந்து யாராவது கூட நடக்கட்டும். தமிழ்நாடு காவல்துறையின் காவல் உதவி செயலியைப் போனில் ஏற்றிவைத்து, அவசரப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அவனை பிளாக் செய்வதா வேண்டாமா? பலருக்கு பிளாக்தான் சரி. மிரட்டல் மெசேஜ்களைச் சாட்சியமாகச் சேர்க்க வேண்டியிருந்தால், பிளாக் செய்யாமல் மியூட்டில் வைத்து, தோழி ஒருத்தியைப் பார்த்துச் சேமிக்கச் சொல்லலாம்.

காலேஜில் யாரிடம் போவது? ஹெச்.ஓ.டி.யிடம் சொன்னால் டி.சி. கொடுத்துவிடுவார்களோ?

பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு ஒவ்வொரு கல்லூரியிலும் இருந்தாக வேண்டும். மாணவர்கள் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாணவப் பிரதிநிதிகளும் அதில் உட்காருவார்கள். பாலியல் தொல்லை நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை நடக்கும்போதே சில பாதுகாப்புகளைக் கேட்டு வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. எதிர்த்தரப்பை விலகியிருக்கச் சொல்லி எச்சரிக்கலாம், வகுப்புப் பிரிவை மாற்றலாம், தெளிவான மிரட்டல் இருந்தால் வளாகத்துக்குள்ளேயே வரவிடாமல் தடுக்கலாம். தொல்லை கொடுப்பவர் பேராசிரியர் அல்லது ஆராய்ச்சி வழிகாட்டி என்றால், உங்கள் விடைத்தாளையோ ஆய்வையோ அவர் மதிப்பிடாமல் தடுக்கவும் வழி இருக்கிறது. புகார் கொடுத்தவருக்கு டி.சி. கொடுப்பது பழிவாங்கல். அதை விதிமுறை அனுமதிக்கவில்லை.

குழுவில் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் நோட்டீஸ் போர்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மாணவர்களாகச் சேர்ந்து கேளுங்கள்.

போலீஸுக்குப் போனால் என்ன நடக்கும்?

எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக்கூடாது. பின்தொடர்தல், பாலியல் தொல்லை போன்ற குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண்ணின் புகாரைப் பெண் காவலர்தான் பதிவுசெய்ய வேண்டும். 1992 முதல் தமிழ்நாட்டில் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருப்பது இதற்கு வசதி. முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். சமாதானம் பேசி எழுதி வாங்கி அனுப்பும் வழக்கம் உண்டு. உங்களுக்குச் சம்மதம் இல்லையென்றால் கையெழுத்துப் போட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உதவி சட்டப்படி உண்டு; எண் 15100.

எனக்கு 17 வயது, முதலாமாண்டு.

18 வயது ஆகும்வரை சட்டத்தின் முன் நீங்கள் குழந்தை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பொருந்தும். உங்கள் சம்மதம் இருந்தது என்ற வாதம் எடுபடாது. உங்களுக்கான எண் 1098. விஷயம் தெரிந்த பெரியவர்களுக்குப் புகார் செய்யும் கடமை உண்டு, அதனால் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று ஆசிரியர் சத்தியம் செய்ய முடியாது. படங்களைத் தடுக்க, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு டேக் இட் டவுன் என்ற தனிச் சேவை இருக்கிறது.

என் தோழி இப்படி மாட்டியிருக்கிறாள். எவ்வளவு சொன்னாலும் கேட்கவில்லை.

"அவனா நானா முடிவு பண்ணு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவள் அவனைத்தான் தேர்ந்தெடுப்பாள். அவனுக்கும் அதுதான் வேண்டும். அவனைத் திட்டினால் அவள் அவனுக்காகப் பேச வேண்டிய நிலைக்கு வந்துவிடுவாள். நீங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "நேற்று கேன்டீனில் போன் வந்ததும் உன் கை நடுங்கியது. சாப்பாட்டை அப்படியே விட்டுட்டு ஓடின. எனக்குப் பயமாக இருந்துச்சு." பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. அவள் ஒருமுறை பிரிந்து, மறுபடி அவனிடமே போகலாம். அப்போது "நான் அப்பவே சொன்னேனே" என்ற வார்த்தை உங்கள் வாயில் வரக்கூடாது. அடுத்த தடவை அவள் வந்து தட்டும் கதவு உங்களுடையதாக இருக்கட்டும். ரகசியம் காப்பது நல்லதுதான், ஆனால் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் வார்டனை எழுப்புங்கள். அவள் கோபித்துக்கொண்டாலும் உயிரோடு இருப்பாள்.

படிக்கும்போது, நான்தான் அப்படி நடந்துகொள்கிறேனோ என்று தோன்றுகிறது.

அதைக் கேட்கத் துணிந்ததே பெரிய விஷயம். அவள் போனைப் பார்ப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். கோபம் ஏறும்போது அந்த இடத்தைவிட்டு விலகுங்கள். அவள் பதில் சொல்லாத ஒரு மணி நேரத்தை மெசேஜ் அனுப்பாமல் கடக்கப் பழகுங்கள். கல்லூரிக் கவுன்சிலரிடம், இல்லையென்றால் 14416-ல், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அவள் போக வேண்டும் என்றால் போக விடுங்கள். திருந்தியதற்குப் பரிசாக அவள் திரும்பி வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

மகளோ மகனோ இப்படி ஒன்றைச் சொன்னால், "யாருடா அவன், என்ன ஆளுங்க?" என்று கேட்பதற்கு முன், "நீ பத்திரமாக இருக்கியா?" என்று கேளுங்கள். போனைப் பிடுங்காதீர்கள், சாட்சியமும் உதவிக்கான வழியும் அதில்தான் இருக்கின்றன. படிப்பை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால், தப்புச் செய்தவன் தேர்வு எழுதுவான், உங்கள் பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கும். எதுவும் நடக்காத ஒரு சாதாரண நாளில், சாப்பிடும்போது, "எந்த நிலைமையிலும் நீ எங்களிடம் சொல்லலாம், அடிக்க மாட்டோம், கல்யாணம் பண்ணிவைக்க மாட்டோம்" என்று சொல்லிவையுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். உங்கள் பிள்ளையை மிரட்டுபவன் நம்பியிருப்பது உங்கள் கோபத்தைத்தான்.

எண்களை ஒரே இடத்தில் தர முடியுமா?

அவசரம் என்றால் 112. பெண்கள் உதவிக்கு 181, எந்த நேரமும். ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவம், தற்காலிகத் தங்குமிடம், சட்ட உதவி மூன்றுக்கும் அவர்களே வழி சொல்வார்கள். சைபர் குற்றம் 1930. குழந்தைகள் 1098. மனநலம் 14416. இலவசச் சட்ட உதவி 15100. தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்களுக்குச் சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா, 044-24640050. அவன் உங்கள் போனைப் பார்ப்பான் என்றால் இவற்றை வேறு பெயரில் சேமியுங்கள், "லைப்ரரி", "மெஸ் அக்கா" என்று. அழைத்த பிறகு கால் பட்டியலிலிருந்து அதை நீக்கிவிடுங்கள், அல்லது தோழியின் போனிலிருந்து அழையுங்கள்.